குளிக்கிற கல்லும் கரும்பூலா வேலியும்

அரிவாளோடு வந்த ஆட்கள் ஐந்தாறு பேர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு முன்னால் உப்பு மூட்டை அடைக்கிற கிட்டங்கியின் தகரச் சுவர். அவர்களுக்குப் பின்னால் ஓர் இலைகூட இல்லாத குச்சி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம், கல்லின் மேல் உட்கார்ந்து ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தாள்.

செம்பில் மொண்டு ஊற்றுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்மா ஆவும்?" என்று மேஸ்திரி தகரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"இப்பதான் அண்ணாச்சி சோப்பு போட்டிருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அதே பதிலைத்தான் அவள் கொஞ்ச நேரத்துக்கு முன்பும் சொல்லியிருந்தாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது மேஸ்திரிக்கும் தெரியும். பாவம், அவர் என்ன செய்வார்? தகரத்தில் பிடித்திருந்த துருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சென்ற வாரம், கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து இறங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, ஆற்றங்கரையில் பிறந்த நீங்கள் அந்த உப்புக்காற்றில் ஒரு செடியாவது வளர்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். வளர்த்தேன் அம்மா. ஒரே ஒரு வேலி. பூவுக்காக இல்லை, காய்க்காகவும் இல்லை. ஒருத்தி பட்டப்பகலில் குளிப்பதற்காக.

வளவும் வழக்கும்

எங்கள் பக்கத்தில் வளவு என்றால் ஒரே வாசல் வைத்து, உள்ளே எதிரும் புதிருமாக வரிசை வீடுகள். முன்வீட்டில் சொந்தக்காரர் இருப்பார். மற்ற வீடுகளில் எங்களைப் போன்ற வாடகைக்காரர்கள். கிணறு பொது, குளிக்கிற கல் பொது, சண்டையும் பொது.

எழுபதுகளில் புதுத் துறைமுகம் வேலை செய்யத் தொடங்கியிருந்த சமயம். என் வீட்டுக்காரருக்கு அங்கே சரக்கு எண்ணிக்கை பார்க்கிற வேலை. எனக்குப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஊரில் வெளியூர்க்காரர்கள் நிறைந்து, வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கிடைத்த வளவில் ஒண்டிக்கொண்டோம்.

வளவின் பின்பக்கம்தான் கதை. அங்கே கிணறு, கிணற்றடியில் கல், கல்லிலிருந்து ஒரு மண்வாய்க்கால். அதற்கப்புறம் மதில் கிடையாது. ஒரு மாட்டுவண்டிப் பாதை, அதைத் தாண்டி உப்புக் கிட்டங்கி. விடிந்தால் லாரியும் மூட்டை தூக்குகிறவர்களும் வந்துவிடுவார்கள். வளவுப் பெண்கள் எல்லாரும் விடிவதற்கு முன்பே குளித்து முடித்தாக வேண்டும்.

மதில் கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வளவுக்காரர் பெரியவர். கிட்டங்கிக்காரர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். அவர்களுடைய அப்பா, யாருடைய பங்கு எதுவரைக்கும் என்று சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு வருகிறவரை அந்த எல்லையில் இரண்டு பேருமே எதுவும் கட்டக் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஒருதரம் பெரியவர் நான்கு கம்பு ஊன்றி ஓலைத் தட்டி கட்டிப் பார்த்தார். கம்பு ஊன்றினாலும் கட்டுமானம்தான் என்று சின்னவர் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். தட்டி போய்விட்டது. இரண்டு குடும்பத்துக்கும் அன்றோடு பேச்சும் போய்விட்டது.

எஸ்தரக்கா

மற்றவர்கள் இருட்டில் குளித்துக்கொண்டோம். எஸ்தரக்காவால் முடியாது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் ராத்திரி டூட்டி. காலையில் எல்லாரும் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வீடு திரும்புவாள். உடம்பெல்லாம் ஆஸ்பத்திரி வாடையோடு, குளிக்காமல் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டாள்.

நாங்கள் இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடித்துக்கொள்ள, அதற்குள் உட்கார்ந்து குளிப்பாள். எனக்குப் பள்ளிக்கூட நேரம் ஆகிவிடும். சேலை பிடிக்க ஆள் இல்லாத நாளில் வீட்டுக்குள் பாயைச் சுருட்டிவிட்டு, வாளியில் துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்வாள்.

சாத்தான்குளத்துக்காரி. அப்பா கிடையாது. தம்பி தங்கைகள் படிப்பு இவள் சம்பளத்தில்தான் ஓடிற்று. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "நாடி பிடிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். என் முதல் பிரசவத்தில் இரவு முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தது அவள்தான்.

ஒருநாள் லாரிக்காரன் ஒருவன் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே ஏதோ ரிப்பேர் பார்ப்பதுபோல வெகுநேரம் குனிந்துகொண்டிருந்தான். சேலைக்குள் இருந்தபடியே எஸ்தரக்கா சொன்னாள்: "ஏளா வடிவு, நா வீட்ட காலி பண்ணிட்டு ஊருக்கே போயிருதேன். அம்மா கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கா."

"வேல?"

"வேலையப் பாத்தா மானத்த எங்க பாக்க?"

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மனுஷி அவள். அவள் போகக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

எந்தப் பூலா

எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில். ஆற்றிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்காலில் பெண்கள் குளிக்கிற படித்துறைக்கு மதில் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் கரும்பூலாப் புதர். ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து, தண்ணீரைத் தொடுகிற மாதிரி வளைந்து தொங்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது.

ஈரத்தில் வளர்கிற செடி. குளித்த தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரம் அதற்குப் போதும். பெரியவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, பின்னால செடி வைக்கலாமா?"

அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். "செடி கட்டடம் இல்லேல்லா. நா ஒண்ணும் வைக்கச் சொல்லல டீச்சரம்மா. ஈரமான எடத்துல செடி மொளைக்கும். மொளைச்சா நா என்ன செய்ய முடியும்?"

அனுமதி என்றால் இதுதான் அனுமதி.

எஸ்தரக்காவிடம் சொன்னதும் சிரித்தாள். "பூலாவா? எங்க ஊர்ச் செம்மணல் தேரியில காட்டுக்குக் காடு கெடக்கு. அதுக்குப் போயி நீ ஆத்தங்கரைக்கு ஓடுத." அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனவள், சாக்கில் ஒரு கட்டு குச்சியோடு வந்தாள். கையெல்லாம் கீறல்.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அவள் கொண்டு வந்தது வெள்ளைப்பூலா. அது வறண்ட காட்டுச் செடி. ஒவ்வொரு சிறு கிளையும் நுனியில் முள்ளாக முடியும். பழம் வெள்ளையாக, கண்ணாடி மாதிரி இருக்கும். பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். ஈரத்தில் வைத்தால் வேர் அழுகிப் போகும். ஒருவேளை பிழைத்தாலும், குளித்துவிட்டு எழுந்திருக்கும்போது பாவாடையைப் பிடித்து இழுக்கும்.

கரும்பூலா வேறே ஜாதி. கிளை நுனி முள்ளாக முடியாது. மெல்லிய சிறு கிளைகளில் இலைகள் இரண்டு பக்கமும் வரிசையாக அடுக்கியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கிளையே ஒரு நீள இலை மாதிரி தோன்றும். பூ கண்ணுக்கே தெரியாது. காய் முதலில் பச்சை, பிறகு சிவப்பு, பழுத்தால் கறுப்பு. நசுக்கினால் விரலில் ஊதாச் சாயம் ஏறும். நாங்கள் சின்னப் பிள்ளையில் அதைப் பிழிந்து மையாக்கிப் பனையோலையில் பெயர் எழுதி விளையாடியிருக்கிறோம்.

இதையெல்லாம் எஸ்தரக்காவிடம் விளக்கினேன். அவள் கீறிய கையைப் பார்த்துக்கொண்டே, "இத நா போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்லா" என்றாள். அவள் கொண்டு வந்த குச்சி பெரியவர் வீட்டு அடுப்புக்குப் போனது.

சிப்பி மேல் நட்டது

ஐப்பசியில் மழை இரண்டு பாட்டம் பெய்ததும் ஊருக்குப் போய் நானே குச்சி வெட்டினேன். இளசும் வேண்டாம், ரொம்ப முற்றலும் வேண்டாம். சுண்டுவிரல் கனம், ஒன்றரைச் சாண் நீளம். அடிப்பக்கம் சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடும்போது தலைகீழாகப் போய்விடும். ஈரச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கருவாடா என்று கேட்டார்.

குழி தோண்டினால் மண்ணுக்குப் பதில் சிப்பிதான் வந்தது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைக் கொட்டி அழுகவைத்த இடமாம் அது. எங்கள் வளவிலேயே வயதில் மூத்தவளான சலேத்தம்மாள் சொன்னாள். அவளுடைய புருஷன் முன்பு முத்துக்குளிக்கப் போனவர், இப்போது சங்குக் குளிப்புக்குப் போகிறார். மண்வெட்டி பட்டு வெளியே வந்த ஒவ்வொரு சிப்பியையும் சலேத்தம்மாள் கையில் எடுத்து, உள்ளே பார்த்துவிட்டுத்தான் எறிந்தாள்.

"எல்லாம் அவிய்வ அன்னைக்கே பாத்துட்டுத்தான் போட்டிருப்பாவ, சலேத்தக்கா" என்றேன்.

"அவிய்வளுக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா நா ஏன் வளவுல இருக்கேன்?" என்றாள்.

சிப்பியைப் பொறுக்கிவிட்டு, வாய்க்கால் வண்டலும் சாணியும் போட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டோம். தண்ணீர் தேங்குகிற இடத்தில் இல்லை, அதன் கரையில். கரும்பூலாவுக்கு ஈரம் வேண்டும், மூழ்கிக் கிடப்பது ஆகாது. மார்கழிக்குள் முக்கால்வாசிக் குச்சி துளிர்த்துவிட்டது. துளிர்க்காத இடத்தில் மறுபடி நட்டேன்.

முதல் கோடையில் எல்லாம் மொட்டையாகிவிட்டது. அந்தச் சமயம் தெருவில் ஆடுகள் அதிகம். ஆடு மேய்ந்துவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டி, ஆட்டுக்காரியோடு ஒரு பெரிய சண்டையும் போட்டோம். அவள் தன் ஆடு தொடவே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தாள். நாங்கள் நம்பவில்லை. அவள் சொன்னது உண்மை என்பது தெரிய ஒரு வருஷம் ஆனது.

கிழங்கு வாசம்

அடுத்த மழைக்கு வேலி மளமளவென்று ஏறியது. கரும்பூலாவை அதன் போக்கில் விட்டால் வளைந்து வளைந்து கண்ட பக்கம் சாயும். நுனியைக் கிள்ளிவிட்டால் அடியிலிருந்து கிளை வெடித்து அடர்த்தியாகும். நீளக் கிளைகளை ஒன்றோடொன்று பின்னி நாரால் கட்டினேன். பனைநார் வெயிலில் காய்ந்து இற்றுப்போகும். மறுபடி கட்ட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அதே வேலை.

தலை மறைகிற உயரம் வந்த அன்று எஸ்தரக்கா காலையில் டூட்டி முடிந்து வந்து, யாரையும் கூப்பிடாமல், செம்பும் துண்டுமாக நேரே உள்ளே போனாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெளியே வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. "ஏளா, முதுகு தேய்ச்சுக் குளிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா?" என்றாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

பூத்தபோது ஒரு வேடிக்கை. சாயங்காலம் ஆனால் வளவு முழுக்க உருளைக்கிழங்கு அவிக்கிற வாசம். சலேத்தம்மாள் வீடு வீடாகக் குசினியை எட்டிப் பார்த்தாள். யார் வீட்டிலும் கிழங்கு இல்லை. அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூவின் வாசம்தான் அது. ஊரில் இருந்தவரை நானும் கவனித்ததில்லை. ஊரில் உருளைக்கிழங்கு வாங்குகிற வழக்கமும் இல்லை.

இலை போனது

தை முடிகிற சமயத்தில் இலை மஞ்சளித்தது. காற்றடித்தால் சிறு கிளையோடு சேர்ந்தே உதிர்ந்தது. இந்த வருஷம் ஆடு எதுவும் உள்ளே வரவில்லை. மாசிக்குள் வேலி வெறும் குச்சி.

கரும்பூலா கோடையில் இலை உதிர்க்கிற செடி என்பது எனக்குத் தெரியாது. வாய்க்கால் கரையிலேயே வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தால், கோடையில் எங்கள் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். தண்ணீர் இல்லாத படித்துறைக்கு யார் போவார்கள்? நாங்கள் ஆற்றுக்குப் போய்விடுவோம். அந்தச் செடியை இலையோடு மட்டுமே நான் பார்த்திருக்கிறேன்.

வளவுக் கிணறும் அப்போது அடியில் கிடந்தது. ஆளுக்கு ஒரு வாளிக்கு மேல் இறைக்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். வாய்க்கால் வெடித்துப்போயிருந்தது.

எஸ்தரக்கா வேலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடி சேலை பிடிக்கிற காலம் வந்தது. ஒரு வாரம் கழித்துக் கடைவீதியிலிருந்து வரும்போது அவள் கையில் புதுத் தேங்காய்க்கயிறு ஒரு சுருள் இருந்தது.

வேலியின் கிளைகள் காற்றில் அவிழ்ந்து கிடந்தன. "அக்கா, அதுல கொஞ்சம் தாங்களேன். வேலிய இழுத்துக் கட்டுதேன்" என்றேன்.

"இது என் டிரங்குப் பெட்டிக்கு" என்றாள். "பங்குனி முடிய காலி பண்ணுதேன்னு பெரியவருகிட்ட சொல்லிட்டேன். அந்தக் குச்சிக்கு எதுக்குளா கயிறு? செத்துப்போச்சு அது."

நான் ஒரு குச்சியை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை இருந்தது. அவள் பார்க்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு அவள் மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. எல்லாக் கோபமும் என் மேல் வந்திருக்க வேண்டியது.

வேலி செத்துப்போச்சு என்ற செய்தி கிட்டங்கிக்கும் போயிருந்தது.

மாற்றி மாற்றிக் குளித்த நாள்

அது ஒரு சனிக்கிழமை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எஸ்தரக்கா டூட்டி முடிந்து வந்தாள். நான் சேலை பிடிக்க எழுந்தேன். "வேண்டாம், வேலையப் பாரு. இன்னும் கொஞ்ச நாளுதான" என்று வெறுப்போடு சொல்லிவிட்டு, பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு அந்தக் குச்சி வேலிக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் மேஸ்திரியும் ஆட்களும் வந்தார்கள். பட்டுப்போன செடியை வெட்டி விறகுக்கு எடுத்துக்கொள்ளச் சின்னவர் சொல்லியிருக்கிறார். வெட்டிவிட்டால் எல்லை மறுபடி வெட்டவெளி. அடுத்த மழைக்கு அங்கே எதுவும் 'முளைக்க' அவர் விடப்போவதில்லை.

வேலிக்கு நாலடி தள்ளி வந்ததும் முன்னால் வந்தவர் சட்டென்று நின்றார். பிறகு எல்லாரும் ஒன்றாகத் திரும்பித் தகரத்தைப் பார்த்து நின்றுகொண்டார்கள்.

இதை நான் பிற்பாடு பலதடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இலை இருந்திருந்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியாது. வந்த வேகத்தில் வெட்டத் தொடங்கியிருப்பார்கள். இலை இல்லாததால்தான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பி நின்றார்கள். வேலி அன்றைக்கு மறைக்கவில்லை. அவர்களுடைய முதுகுதான் மறைத்தது. லாரிக்காரன் மாதிரி ஆளும் உண்டு, இவர்களைப் போன்ற ஆளும் உண்டு.

எஸ்தரக்காவுக்கு அது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவே இல்லை. வாளியில் இருந்த கொஞ்சத் தண்ணீரைச் செம்பில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

நான் சலேத்தம்மாள் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குங்கூட உடம்பு கசகசன்னுதான் இருக்கு" என்றாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நின்ற ஆட்களுக்குக் கேட்கும்படி, "திரும்பாதீங்கய்யா, குளிக்கப் போறேன்" என்று சொல்லி உள்ளே போனாள். அவள் போன பிறகுதான் எஸ்தரக்கா எழுந்து வந்தாள். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவள், ஈரத்தில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"கல்லு காலியா இருக்கக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

கல் காலியாக இருக்கவில்லை. சலேத்தம்மாளுக்குப் பிறகு அவள் மருமகள், பிறகு எதிர்வீட்டுக்காரி, பிறகு நான். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. ஆளுக்கு ஒரு வாளி என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. கிணற்றில் வாளி தரைதட்டிச் சேறு வந்தது. தெளியவைத்து ஊற்றினோம். தெருக்குழாயில் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரையும் ஊற்றினோம். தூத்துக்குடியில் நல்ல தண்ணீரில் குளித்தது என் வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

வெயில் உச்சிக்கு வந்தது. ஆட்கள் தகரத்தின் ஓரம் இருந்த துண்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள், அப்போதும் முதுகைக் காட்டித்தான். மேஸ்திரி போய்ச் சின்னவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவரே வேகமாக வந்தார். பாதையிலேயே நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினார்.

"காலையில இருந்து என்ன குளிப்பு? யாரு உள்ள?"

"நாந்தான் தம்பி. மதினி."

பெரியவரின் மனைவி. முன்வீட்டில் அவர்களுக்குச் சிமெண்டுத் தரை போட்ட குளியலறை தனியாக உண்டு. பின்பக்கம் அந்த அம்மாள் வந்து நான் பார்த்ததே இல்லை. மஞ்சளும் செம்புமாக எப்போது வந்தார், எங்களுக்கு முன்னால் எப்போது வரிசையில் நுழைந்தார் என்பதே எங்களுக்குத் தெரியாது.

அண்ணன் பெண்டாட்டி குளிக்கிற இடத்தில் கொழுந்தன் நின்று வழக்குப் பேச முடியுமா?

சின்னவர் தகரத்தைப் பார்த்துக் கேட்டார். "நல்லா இருக்கியளா மதினி?"

"இருக்கேன். நீ சாப்ட்டியா?"

"இல்ல மதினி."

"வெயில்ல நிக்காத. போயிச் சாப்பிடு."

அவர் போனார். ஆட்களும் எழுந்து அவர் பின்னால் போனார்கள். இதனால் அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வழக்கு அதன்பாட்டுக்கு நடந்தது. மதினிக்கும் கொழுந்தனுக்கும் அதற்கப்புறம் பேச்சு இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் வேலிப்பக்கம் யாரும் அரிவாளோடு வரவில்லை.

துளிர்

வெடித்துக்கிடந்த வாய்க்காலில் அன்றைக்கு மட்டும் தண்ணீர் ஓடியது. சாயங்காலம் மண் கறுத்து, ஈர வாசம் வந்தது. இரண்டு நாள் கிணற்றில் தண்ணீரே இல்லை. அதற்காக யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

அடுத்த வாரம் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த கிளைகளில் வெளிர்பச்சையாக மணி மணியாகத் துளிர் வந்தது. நாங்கள் குளித்த தண்ணீரால்தானா, அதற்குத் துளிர்க்கிற நேரம் வந்துதானா, எனக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்திருக்கலாம். சலேத்தம்மாள் மட்டும் தான் குளித்ததால்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பங்குனி கடைசி. எஸ்தரக்கா வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டி குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் அழுவேன், அவள் திட்டுவாள். பின்பக்கம் போய், துளிர் விட்டுச் சாய்ந்திருந்த கிளைகளைக் கையால் நிமிர்த்திப் பின்னிக்கொண்டிருந்தேன். கட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை. விட்டால் மறுபடி சாய்ந்தன.

காலடிச் சத்தம் கேட்டது. எஸ்தரக்கா. டூட்டி உடுப்பைக்கூட மாற்றவில்லை. கொஞ்ச நேரம் துளிரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை என் பக்கம் நீட்டினாள். பெட்டியைக் கட்டியிருந்த தேங்காய்க்கயிறு, முடிச்சு முடிச்சாக.

"அந்த மொனையப் பிடி" என்றாள். "இறுக்கிக் கட்டணும்."